ஒன்பதாம் நம்பர் சட்டை

இந்த முறை மச்சினனை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தபோது மணி காலை ஏழரை. வாயில் பிரஷ் இருந்தது. அதனால் சபதத்தில் பாதி நுரையாகத்தான் வெளியே வந்தது.

முன்னறையில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி, "கொப்பளிச்சிட்டு சொல்லுங்க, ஒண்ணும் புரியலை" என்றாள்.

கொப்பளித்துவிட்டுச் சொன்னார். அதற்குள் பாதி வீரம் தொட்டியோடு போய்விட்டது.

விஷயம் இதுதான். மெக்கானிக் எங்கள் தெருக் கால்பந்து அணியின் கோச். வருஷத்துக்கு ஒரு தடவை பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு கோப்பைக்கு மோதுவோம். மூன்று வருஷமாகத் தோல்வி. முதல் வருஷம் நாலு கோல் வாங்கினோம். அடுத்த வருஷம் ஐந்து. போன வருஷம் ஆறாவது விழுந்தபோது நடுவரே மனசு தாளாமல் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அணியின் கோச் யாரென்றால், மெக்கானிக் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. போன வருஷம் கோப்பையை வாங்கியவன் மைக்கைப் பிடித்து, "இந்த வெற்றி முழுக்க என் சொந்த மூளை!" என்றான். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா பாதியில் கையை நிறுத்திவிட்டாள். தனக்காக வருத்தப்படுகிறாள் என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோனார்.

அணிச் சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர். தும்மலுக்கு மாத்திரை கொடுக்கிற அதே குரலில் போன வாரம் சொல்லிவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் தோத்தா விசிலைக் கழட்டிக் கொடுத்துடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அந்த விசில்தான் மெக்கானிக்கின் உயிர். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிறவரை அவரைத் திட்டுவார்கள். வெளியே வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். அவர் ஊதினால் பதினோரு பேர் ஓடுகிற இடம் உலகத்திலேயே அந்த ஒரு மைதானம்தான். அதுவும் போய்விட்டால் நாம் யார்?

இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. கால் ஆடினால் மேசை ஆடியது. மேசை ஆடினால் மனைவி முறைத்தாள். எழுந்து நடந்தார். வேலைக்குப் போன இடத்திலும் அதே கதைதான். ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்க்க ஏறியவர், உள்ளே இருந்த எட்டு பேரை, "நீங்க ரெண்டு பேரும் பின்னாடி போங்க, நீங்க ஓரத்தை விட்டு வராதீங்க, சார் நீங்க நடுவுல, யாரையும் தாண்ட விடக்கூடாது" என்று நிறுத்தி வைத்தார். எடையைச் சமப்படுத்துகிறார் என்று நினைத்து அவர்களும் நின்றார்கள். ஆறாம் மாடிக்காரர் இறங்க வேண்டிய இடத்தில் கதவு திறந்தது. நடுவில் நின்றவர் அவரைத் தாண்ட விடவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் மைதானம். மனைவியின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, வெள்ளைப் பொத்தான் பதினொன்று நம் அணி, கறுப்புப் பொத்தான் பதினொன்று எதிரணி என்று பரப்பி வைப்பார். நாலு பின்னால், மூன்று நடுவில், மூன்று முன்னால். ஒரு பொத்தானை ஒரு விரற்கடை நகர்த்துவார். நாலடி தள்ளி நின்று பார்ப்பார். பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைப்பார்.

புதன்கிழமை எண்ணிப் பார்த்தபோது வெள்ளையில் பத்துதான் இருந்தது.

"இங்க லெஃப்ட் பேக் ஒருத்தன் இருந்தானே, எங்க?"

"டாக்டரம்மா கோட்டுல தைச்சிட்டேன்."

"என்னது! என் வியூகமே அவன் மேலதான் நிக்குது!"

"அவங்க கோட்டும்தான். நாளைக்கு டெலிவரி."

"இது விளையாட்டுன்னு நினைச்சியா?"

"ஃபுட்பால் விளையாட்டு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவள் போகிற போக்கில் ஒரு வெள்ளைப் பொத்தானைத் தொட்டு முன்னாலிருந்து நடுவுக்குத் தள்ளினாள்.

"தொடாதே! அது தபால்காரர்! அவர்தான் கோல் போடப் போறவர்!"

"ஓ, அப்படியா" என்று உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. உளறிவிட்டோமே! இவள் யார்? எதிரணிக் கோச்சின் அக்கா. மூன்று வருஷமாக ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலையில் தம்பியிடமிருந்து போன் வரும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் பேசுவாள். "சரி, ரெண்டு பேரை அந்தப் பக்கம் அனுப்பு" என்றெல்லாம் காதில் விழும். ஏதோ கல்யாண வேலைக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று இருந்துவிட்டார். இப்போது யோசித்தால் எல்லாம் விளங்கியது. தன் வீட்டு மேசையிலிருந்துதான் ரகசியம் பாலம் தாண்டியிருக்கிறது. தன் வீட்டிலேயே உளவாளி!

அவருக்குக் கோபம் வரவில்லை. மூளை வேலை செய்தது. உளவாளியை வைத்தே எதிரியைக் கவிழ்த்தால் என்ன?

அதற்கு வசதியாக ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. எங்கள் ஆட்கள் மைதானத்தில் இறங்கியதும் சொன்னதெல்லாம் மறந்துவிடுவார்கள். போன வருஷம் ஓவர்லாப், ஆஃப்சைட் ட்ராப் என்று ஒரு மணி நேரம் விளக்கி முடித்தபோது வெல்டர் கையைத் தூக்கி, "எல்லாம் சரி கோச், நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டார். ஆகவே இந்த வருஷம் மெக்கானிக் ஒரே ஒரு சட்டம் போட்டார். சட்டை முதுகில் என்ன நம்பரோ அதுதான் உன் இடம். ஒன்றாம் நம்பர் கோலில் நிற்கும். இரண்டிலிருந்து ஐந்து வரை காவல். எட்டு நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும். ஒன்பது கோல் போடும். இப்படிப் பதினொன்று வரை. யாருக்கு எந்த நம்பர் என்பது ஆட்டத்தன்று சட்டையோடுதான் தெரியும். அதுவரை எல்லாரும் எல்லா இடத்திலும் நின்று பழக வேண்டும். பழகினார்கள்.

அந்தச் சட்டைகளைத் தைப்பது அவர் மனைவி.

போன வாரமே பதினோரு பேரும் வரிசையாக வீட்டுக்கு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டைக்கு அளவெடுக்க இவ்வளவு கேள்வி எதற்கு என்று அன்றைக்கே மெக்கானிக்குக்குப் பொறுமை போனது. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தபால்காரரிடம், "கையில தபால் மிச்சம் இருந்தா தூக்கம் வருமா உங்களுக்கு?" என்று கேட்டாள். "எப்படிங்க வரும்? உரியவங்ககிட்ட சேர்த்தாத்தான் நிம்மதி" என்றார் அவர். வெல்டரின் கை நீளத்தை இரண்டு தடவை எடுத்தாள். அவர் முகத்துக்கு நேரே சட்டென்று டேப்பை விசிறினாள். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பொறி பறந்து பறந்து பழகிடுச்சும்மா" என்றார். எல்லாவற்றையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மெக்கானிக் இரண்டு பட்டியல் எழுதினார். நிஜப் பட்டியலை மடித்து ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் ஒளித்தார். பொய்ப் பட்டியலை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, யாருக்கு எந்த நம்பர்னு இதுல இருக்கு. பரம ரகசியம். உன் தம்பி காதுக்கு மட்டும் போகவே கூடாது."

போகத்தான் போகிறது என்று உள்ளுக்குள் குதித்தார்.

அவள் பட்டியலை நிதானமாகப் படித்தாள். "இதுதான் நிஜமா? அப்புறம் மாத்த மாட்டீங்களே? தைச்சா தைச்சதுதான்."

"சத்தியமா."

"இதுல ஜெயிச்சிடுவீங்களா?"

"ஜெயிச்சா என்ன செய்வே?"

"உங்க வியூகத்துல ஜெயிச்சா ஊர் முன்னாடி மைக்கைப் பிடிச்சு, என் வீட்டுக்காரர் மாதிரி மூளைக்காரர் உண்டான்னு கேக்கறேன். வேற யார் வியூகத்துலயாவது ஜெயிச்சா?"

மெக்கானிக் கடகடவென்று சிரித்தார். "வேற யாரு இருக்கா? அப்படி ஒண்ணு நடந்தா, இந்த விசிலைக் கழட்டி உன் கழுத்துல மாட்டறேன். நீ கைகாட்டற இடத்துல போய் நிக்கறேன். போதுமா?"

"போதும்" என்று மிஷினை மிதித்தாள்.

சனிக்கிழமை மாலை வந்தது. போன் வரவில்லை. ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மெக்கானிக் போனை எடுத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வாசலுக்கும் மிஷினுக்கும் நடையாய் நடந்தார். பொய்யை இவ்வளவு பாடுபட்டுத் தயாரித்து, அது போய்ச் சேராவிட்டால் எப்படி?

"உன் தம்பி போன் பண்ணலையா?"

"இல்லை."

"நீ பண்ணேன். பாவம், எப்படி இருக்கானோ."

"நல்லாத்தான் இருப்பான்."

"கூடப் பிறந்தவன். நாளைக்கு ஆட்டம் வேற. ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி நிமிர்ந்தாள். "மூணு வருஷமா அவன் பேரைச் சொன்னாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. இன்னைக்கு என்ன இவ்வளவு பாசம்?"

"மனுஷன்னா மாறக் கூடாதா?"

"மாறலாம். கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நின்னு மாறுங்க. அவன் பெரிய ஆளாயிட்டான். இப்ப அவனுக்கு யார் யோசனையும் வேண்டாமாம்."

மெக்கானிக்குக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. பொய் போகாவிட்டால் என்ன, நிஜம் ஸ்க்ரூடிரைவர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். மனைவி சட்டை மூட்டையை ஓரத்தில் வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிரே மச்சினன் கண்ணாடி மாட்டிக்கொண்டு கால்மேல் கால் போட்டிருந்தான். "என்ன மாமா, இந்த வருஷம் ஏழா?" என்று கையைக் காட்டினான்.

"ஆட்டம் முடியட்டும் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் ஆட்களைச் சுற்றி நிறுத்தினார். பத்து நிமிஷம்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத் திறந்து நிஜப் பட்டியலை எடுத்தார்.

"ஒண்ணு, கோல்கீப்பர், வாத்தியார்! மூணு, சலூன்காரர்! அஞ்சு, வெல்டர்! ஒன்பது, தபால்காரர்! போடுங்க சட்டையை!"

எல்லாரும் சட்டையை எடுத்தார்கள். போட்டார்கள். போட முயன்றார்கள்.

கணக்கு வாத்தியார் கோல்கீப்பரின் மஞ்சள் சட்டைக்குள் நுழைந்தார். கை வெளியே வரவில்லை. சட்டைக் கை முழங்கால் வரைக்கும் தொங்கியது. சலூன்காரர் குட்டையான, வஞ்சனையில்லாத உடம்பு. மூன்றாம் நம்பர் அவர் தலையிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து, "கோச், யாராவது இழுங்க" என்று சத்தம் மட்டும் வந்தது. தபால்காரர் ஒல்லி, நெட்டை. ஒன்பதாம் நம்பருக்குள் அவர் இன்னொருவரோடு சேர்ந்து வாழலாம், ஆனால் தொப்புள் வெளியே தெரிந்தது. வெல்டர் ஐந்தாம் நம்பரைப் போட்டுக் கையைத் தூக்கினார். அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, கிழிக்காதீங்க!" என்று பெஞ்சிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் அளவு!"

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியலை மாற்றினோம், உடம்பை மாற்ற முடியுமா? இருபது வருஷமாகத் தையற்காரியோடு குடித்தனம் நடத்தியும், நம்பருக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"மாத்திப் போடுங்க! சீக்கிரம்! யாருக்கு எது பொருந்துதோ அது!"

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைகள் கைமாறின, கழன்றன, பறந்தன. இரண்டு நிமிஷத்தில் ஒவ்வொரு சட்டையும் தன் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டது. வெல்டரின் நீண்ட கை மஞ்சள் சட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. வாத்தியாருக்கு ஐந்து. தபால்காரருக்கு எட்டு. ஒன்பதாம் நம்பர் சலூன்காரர் வயிற்றில் ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. நம்பர் எதுவோ இடம் அதுவே என்ற சட்டப்படி பதினோரு பேரும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

மெக்கானிக் கையில் பட்டியலோடு நின்றார். மைதானத்தில் நிற்பது அவருடைய நிஜ வியூகமும் இல்லை, பொய் வியூகமும் இல்லை. அதை யோசிப்பதற்குள் நடுவர் ஊதிவிட்டார்.

முதல் கால் மணி நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லைக் கோட்டோரம் ஓடினார். கோல் சத்தம் கேட்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். மச்சினனின் ஆள் ஒருவன் உதைத்த பந்து நேராக வெல்டரின் முகத்துக்கு வந்தது. இமைக்காமல் பார்த்து அதைப் பிடித்தார். வாத்தியார் காவல் வரிசையின் நடுவில் நின்று, "கோட்டைத் தாண்டாதே! வரிசையா நில்லு! ரெண்டாம் நம்பர், எங்க வேடிக்கை?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் காலுக்கு வந்த பந்தை ஒரு நொடி வைத்துக்கொள்ளவில்லை. வாங்கின கையோடு, இல்லை, வாங்கின காலோடு உரியவரிடம் சேர்த்தார். சலூன்காரர் ஓடவே இல்லை. கோலுக்கு முன்னால் அலட்டிக்கொள்ளாமல் நின்றார். நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று, தன்னிடம் வருகிற தலைக்காகக் காத்திருந்து பழகியவர். பந்து வந்தது. தட்டிவிட்டார். கோல்.

எதிரணியும் ஒன்று போட்டது. மெக்கானிக் பாட்டில் மூடியைக் கடித்தே தின்றுவிட்டார். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது தபால்காரர் இன்னொன்றை டெலிவரி செய்தார். சலூன்காரர் தலையால் வாங்கி உள்ளே அனுப்பினார். இரண்டுக்கு ஒன்று!

முதல் கோலின்போது இது எப்படி நடந்தது என்று மெக்கானிக் திகைத்தார். இரண்டாவது கோலின்போது இதைத்தான் நாம் திட்டமிட்டோமோ என்று தோன்றியது. இறுதி விசில் ஊதி, ஆட்கள் அவரைத் தோளில் தூக்கியபோது, சந்தேகமே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

மைக் கைக்கு வந்தது. "இந்த வெற்றி முழுக்க என் சொந்த மூளை!" என்றார்.

முன்வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாதியில் கையை நிறுத்தினாள். எழுந்து மேடைக்கு வந்தாள். "எல்லாரும் ஆசையாக் கேக்கறாங்க. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள் தேனொழுக.

மெக்கானிக் பெருமையோடு பாக்கெட்டில் கை விட்டு, காகிதத்தைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது. மருந்துக்கடைக்காரர் எந்தக் கிறுக்கல் கையெழுத்தையும் படித்துவிடுகிற மனிதர். எட்டிக் காகிதத்தை வாங்கினார்.

"கோல்கீப்பர், வாத்தியார்... ஒன்பது, தபால்காரர்..." நிமிர்ந்தார். மஞ்சள் சட்டையில் வெல்டர் நின்றார். "என்னங்க இது? இதுல இருக்கற ஒருத்தர்கூட இதுல இருக்கற இடத்துல நிக்கலையே?"

"இதையும் படிச்சிடுங்க" என்று மனைவி அளவு நோட்டை நீட்டினாள்.

அவர் படித்தார். "வெல்டர்: கை நீளம் இருபத்தேழு. கண் இமைக்கலை. ஒண்ணு. வாத்தியார்: மார்பு முப்பத்தெட்டு. வரிசை கலைஞ்சா பொறுக்க மாட்டார். அஞ்சு. தபால்காரர்: ஒல்லி. கையில எதையும் வச்சுக்க மாட்டார். எட்டு. சலூன்காரர்: வயிறு நாற்பத்துநாலு. ஓட மாட்டார், காத்திருப்பார். ஒன்பது." தேதி பத்து நாளைக்கு முந்தினது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மச்சினன் ஓடி வந்தான். கண்ணாடியைக் காணோம். "அக்கா! மூணு வருஷமா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இந்த வருஷம் மாமாவுக்குத் தைச்சுக் கொடுத்திட்டியா?"

"உனக்குத்தான் சொந்த மூளை இருக்கே" என்றாள் அக்கா.

மெக்கானிக்குக்கு இப்போதுதான் விளங்கியது. உளவாளி என்று நினைத்தோம், இவள்தான் தளபதி! முதல் வருஷத்து நாலு, அடுத்த வருஷத்து ஐந்து, போன வருஷத்து ஆறு, பதினைந்து கோலும் தன் வீட்டு மிஷினுக்குப் பக்கத்திலிருந்து போனவை. அவமானமாக இருந்தது. கூடவே, ஜெயித்துவிட்டோமே என்று சந்தோஷமாகவும் இருந்தது. எதற்கு முதலில் முகத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவனாவது போன் போட்டுக் கேட்டான். நீங்க என் பொத்தானை எடுத்து வச்சுக்கிட்டு என்னையே தொடாதேன்னீங்க."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். மனைவி கையை நீட்டினாள். மெக்கானிக் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, அவள் கழுத்தில் மாட்டினார். அவள் ஒரு தடவை ஊதிப் பார்த்தாள். அவர் மூன்று வருஷம் ஊதியதைவிடச் சத்தமாகக் கேட்டது. பதினோரு பேரும் விறைப்பாக நின்றார்கள். பழக்கதோஷத்தில் மச்சினனும் நின்றான்.

"நீ கைகாட்டற இடத்துல நிக்கறேன்னு சொன்னேன்" என்றார் மெக்கானிக் வீம்போடு. "சொல்லு, நான் எங்க நிக்கணும்?"

அவள் சட்டை மூட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து பன்னிரண்டாவதாக ஒரு சட்டையை எடுத்தாள். முதுகில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது.

"பன்னிரண்டுக்கு நான் இடமே சொல்லிக் கொடுக்கலையே?"

"அதுக்கு நிக்கவே வேண்டாம். பெஞ்சுல உட்காரணும். காலை ஆட்டக் கூடாது. யாராவது தண்ணி கேட்டா கொடுக்கணும்."

மெக்கானிக் மறுபேச்சில்லாமல் அதை வாங்கித் தலைவழியாக மாட்டினார். இது மட்டுமாவது பொருந்தாமல் போகட்டும் என்று தோளைக் குலுக்கினார், கையைத் தூக்கினார், வயிற்றை உப்பினார். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி அவ்வளவு கச்சிதமாக இருந்தது.